சுவரை அறிந்து பூசுவோம்

(தாமலில் கூடிய ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)





இன்று காலை, கூட்டம் தொடங்குவதற்கு முன், ஏரிக்கரைப் பக்கமாகச் சென்று தெருக்கள் வழியே திரும்பினோம். நம் தொண்டை நாட்டுக் கிராமங்களில் வழக்கமாகக் காணும் காட்சியையே இங்கும் கண்டோம். ஒரே தெருவில் மண் சுவர் வைத்த வீடும், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுந்த பழைய ஓட்டு வீடும், சிமெண்டுப் பூச்சுப் பூசிய தளம் போட்ட வீடும் அடுத்தடுத்து நிற்கின்றன. திண்ணையிலே மரத் தூண், சன்னலிலே இரும்புக் கம்பி, படியிலே கருங்கல். இத்தனையும் வெயிலிலும் மழையிலும் நின்று நம்மைக் காப்பவை. ஆனால் இவற்றின் இயல்பு ஒன்றல்ல.

நாங்கள் எந்த ஊருக்குச் சென்றாலும், "ஐயா, வீட்டுக்கு வெளியே அடிக்க எந்த வர்ணம் நல்லது?" என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு விடை கூறுமுன் நாங்கள் திருப்பிக் கேட்பது, "உங்கள் சுவர் எது? அது உலர்ந்திருக்கிறதா?" என்பதே. இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், எந்த வர்ணம் என்பது தானே விளங்கும். இவ்விரண்டும் தெரியாமல் எத்துணை விலையுயர்ந்த வர்ணம் பூசினாலும் பணம் சுவரோடு உதிர்ந்து போகும். இன்று நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவே. மற்றவையெல்லாம் இதன் விளக்கம்.

நாங்கள் செய்த பிழை

பிறருக்கு அறிவுரை கூறுவதற்கு முன் எங்கள் பிழையைச் சொல்லிக் கொள்வதே முறை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊராட்சியில் பள்ளிக் கட்டடத்துக்கு வெளிப்புறம் வர்ணம் பூசும் பணியை மேற்பார்க்கும் பொறுப்பு எங்களிடம் இருந்தது. பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஊரார் விரும்பினர். கார்த்திகை மழையில் நனைந்த சுவர் மார்கழிப் பனியில் உலரவில்லை. பல ஆண்டுகளாக அடித்த சுண்ணாம்பு ஏடு ஏடாகச் சுவரில் ஒட்டிக் கொண்டிருந்தது. அதனைச் சுரண்டி எடுக்க நான்கு ஆள் கூலி ஆகும் என்றார் மேஸ்திரி. "மேலாகத் துடைத்துவிட்டு அடியுங்கள்" என்று சொன்னோம். நல்ல தரமான எமல்ஷன் வர்ணந்தான் வாங்கியிருந்தோம். தைப் பொங்கலன்று பள்ளி பளபளத்தது, எல்லோரும் பாராட்டினர்.

பங்குனி பிறப்பதற்குள் சுவரெங்கும் கொப்புளங்கள் எழும்பின. குழந்தைகள் அவற்றை விரலால் உரித்து விளையாடினார்கள். உரிந்த வர்ணத்தின் பின்புறம் பார்த்தோம். பழைய சுண்ணாம்பு அதிலே ஒட்டிக் கொண்டு வந்திருந்தது. வர்ணத்தில் குற்றம் இல்லை. அது தன்னால் இயன்றவரை சுண்ணாம்பை இறுகப் பற்றியிருந்தது. சுண்ணாம்புதான் சுவரைப் பற்றவில்லை. நான்கு ஆள் கூலியை மிச்சப்படுத்தப் போய், முழுச் செலவையும் இழந்தோம். ஊர்ப் பொதுப்பணம் அவ்வாறு வீணானது எங்கள் கையொப்பத்தின் கீழ் என்பதை இன்றும் மறக்க முடியவில்லை.

வர்ணத்தின் விலை டப்பாவின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. சுவரைச் செம்மை செய்யும் கூலி எதிலும் அச்சிடப்பட்டிருப்பதில்லை. ஆதலின் அதனைக் குறைத்துக் கொள்ளலாம் என்று தோன்றுகிறது. ஆனால் வெளிப்பூச்சின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தக் கூலிதான்.

சுவரைக் கெடுப்பவை மூன்று

முதலாவது, நீர். மழை நீர் மேலிருந்து வரும். கூரையின் இறவாரம் குட்டையாக இருந்தால் தரையில் விழுந்து சுவரில் தெறிக்கும். இவற்றைக் காட்டிலும் மறைவானது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலச் செங்கல்லிலும் காரையிலும் உள்ள நுண்துளைகள் வழியே நிலத்து நீர் மேலேறும். ஏரிப் பாசன ஊர்களில் ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் நிலத்து ஈரம் மிகுதி. சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பூச்சு பொருமி உதிர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

இரண்டாவது, உப்பு. ஏறும் நீர் மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக் கொண்டு வருகிறது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அது சுவரின் முகத்தில் வெள்ளைத் தூளாகப் பூக்கிறது. இதனையே உவர் பூத்தல் என்கிறோம். பூச்சுக்கு உள்ளேயே உப்பு படிகமாகும்போது அது பருத்துப் பூச்சை வெளியே தள்ளுகிறது.

மூன்றாவது, காரம். புதுச் சிமெண்டுப் பூச்சு மிகுந்த காரத்தன்மை உடையது. எண்ணெயும் காரமும் கூடினால் சவுக்காரம் ஆகும் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். புதுச் சிமெண்டுச் சுவரின் மேல் எண்ணெய் கலந்த வர்ணத்தைப் பூசினால் அங்கும் அதுவே நடக்கிறது. வர்ணம் சவுக்காரமாகிப் பிசுபிசுத்து, நிறம் மங்கி உரிந்து விடுகிறது.

இம்மூன்றில் எதனையும் வர்ணம் தடுத்து நிறுத்தாது. ஓட்டை வழியே ஒழுகும் நீரை மறைக்க வர்ணம் அடிப்பது, காய்ச்சல்காரனுக்குப் புதுச்சட்டை அணிவிப்பது போன்றது. முதலில் ஒழுக்கை அடைக்க வேண்டும். இறவாரத்தை நீட்ட வேண்டும். சுவரோரம் குவித்த மண்ணையும் எருவையும் அகற்ற வேண்டும். துணி துவைக்கும் கல்லைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட வேண்டும்.

இங்கே ஊராட்சிக்கும் ஒரு கடமை உண்டு. பழைய சாலையின் மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போடுவதால் தெரு உயர்ந்து, வீட்டின் தரைமட்டம் தாழ்ந்து போகிறது. பிறகு தெரு நீரெல்லாம் சுவரடியில் தேங்குகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் மாநிலத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். இதனை உறுப்பினர்கள் வற்புறுத்தினால், எத்தனையோ வீடுகளின் சுவர்கள் பிழைக்கும்.

சுவரைச் சோதிக்கும் வழி

சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஓரடி சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி அரும்பியிருந்தால் சுவர் இன்னும் உலரவில்லை என்று பொருள்.

அடுத்து, உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மாவு போல் ஒட்டினால் பழைய பூச்சு பலமிழந்தது. அதன்மேல் எமல்ஷன் நிற்காது. ஒட்டும் நாடாவைச் சுவரில் அழுத்தி ஒட்டி வெடுக்கென இழுத்தால், பூச்சு அதனோடு வருகிறதா என்பதும் தெரியும்.

மூன்றாவதாக, சிறு மரக்கட்டையால் சுவரைத் தட்டிக் கொண்டே செல்லுங்கள். கெட்டியான இடத்தில் ஓசை இறுக்கமாகக் கேட்கும். உள்ளே விட்டுப்போன இடத்தில் பானையைத் தட்டியது போல் கேட்கும். அவ்விடத்துப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

பொங்கலும் வெள்ளையடிப்பும்

தை பிறப்பதற்கு முன் வீட்டை வெள்ளையடிப்பது நம் நாட்டு வழக்கம். "மழை ஓய்ந்து சுவர் உலரும் முன்பே அடிக்கும் இவ்வழக்கம் பிழையா?" என்று நீங்கள் கேட்கலாம். பிழையன்று. நம் முன்னோர் அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு ஈரம் பகையன்று. காற்றில் உள்ள கரியமில வாயுவை ஈரத்தின் துணையோடு ஏற்று, மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கல்லாக இறுகுவது அதன் இயல்பு. நுண்துளை உள்ள பூச்சாதலால், சுவரில் எஞ்சிய ஈரமும் அதன் வழியே வெளியேறிவிடும். அடைமழைக்குப் பின் பூஞ்சணம் படர்ந்த சுவருக்கு அதன் காரம் மருந்தாகவும் ஆயிற்று.

நாம் செய்த பிழை வேறு. பொருளை மாற்றினோம், காலத்தை மாற்றவில்லை. எமல்ஷன் வர்ணம் சுவரின்மேல் மெல்லிய தோல் போலப் படிவது. மார்கழியில் ஈரச் சுவர்மேல் அந்தத் தோலைப் போர்த்தினால், தை, மாசி வெயிலில் உள்ளிருந்து வெளிவர முயலும் ஈரம் அதனைக் கொப்புளமாகத் தள்ளுகிறது.

ஆதலின் சுண்ணாம்பு அடிப்போர் போகிக்கு முன் அடிக்கும் வழக்கத்தைத் தாராளமாகக் கைக்கொள்ளலாம். எமல்ஷன் அடிப்போர் மாசி, பங்குனி வரை பொறுத்தல் வேண்டும். சம்பா அறுவடை முடிந்து, நெல் விற்ற பணமும் கையில் இருக்கும் காலம் அது. சித்திரைக் கடுவெயிலில் வர்ணம் பற்றுமுன்பே உலர்ந்துவிடுமாதலால், நிழலைத் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும். காலையில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர் என்பது அனுபவமுள்ள வேலையாட்கள் பின்பற்றும் முறை.

மண் சுவர்

மண் சுவரை இழிவாக எண்ண வேண்டாம். வெயிலைத் தடுப்பதில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் அதனைப் பழுது பார்க்கும்போது அதன் இனத்தோடே சேர்க்க வேண்டும். வெடிப்பை ஈரப்படுத்தி, வைக்கோல் துணுக்கு கலந்து புளிக்க வைத்த மண்ணால் அடைத்து, உலர்ந்தபின் மண்ணும் சாணமும் கலந்து மெழுகி, அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பதே முறை.

உறுதி கருதி மண் சுவர்மேல் சிமெண்டு பூசுவோர் பலர். மண் ஈரத்தில் பருத்து வெயிலில் சுருங்கும். சிமெண்டு அவ்வாறு இணங்கி நடவாது. இரண்டும் பிரிந்து இடையே வெடிப்பு விழும். அதன் வழியே நீர் இறங்கி வெளியேற வழியின்றி நிற்கும். வெளியே சிமெண்டு கெட்டியாக நிற்க, உள்ளே மண் குழம்பாகிக் கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறோம். அது சுவரோடு சாயும் நாளில் மனிதர் உயிருக்கே ஆபத்து. எமல்ஷன் வர்ணமும் மண் சுவருக்கு ஆகாது.

சுண்ணாம்புக் காரைச் சுவர்

பழைய செங்கல் வீடுகளின் சுவர் இவ்வகை. உதிர்ந்த இடத்தைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்துப் பூசி, அதன்மேல் சுண்ணாம்பே அடிப்பது சிறந்தது. சிமெண்டால் ஒட்டுப் போட்டால், ஈரம் அந்த ஒட்டைச் சுற்றிக் கொண்டு அடுத்த இடத்தில் வெளிவரும். பழுது இடம் மாறுமேயன்றித் தீராது.

சுண்ணாம்பைப் பக்குவம் செய்யும் முறையைக் கூறுகிறோம். கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு வெண்மைக்குப் பெயர் பெற்றது. இரும்புப் பீப்பாயிலோ தொட்டியிலோ முதலில் நீரை ஊற்றி, அதிலே நீற்றாத சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுங்கள். அது கொதித்துச் சீறும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும், பயன்படுத்த வேண்டாம். குழந்தைகளை அருகே விடவேண்டாம். கண்ணில் தெறித்தால் உடனே நல்ல நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் கணக்கு. ஒருநாள் முழுதும் ஊறவிட்டுக் கோணித் துணியில் வடிகட்டுங்கள். வெந்நீரில் கரைத்த கோந்து சேர்த்தால் கையில் ஒட்டாது. ஆயிரம் லிட்டர் சுண்ணாம்புப் பாலுக்கு 4 கிலோ கோந்து என்பது மத்தியப் பொதுப்பணித் துறையின் அளவு. அவ்வாறாயின் ஒரு வீட்டுக்கு வேண்டிய 50 லிட்டருக்கு 200 கிராம் போதும். வெண்மை எடுத்துக் காட்ட, கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராமுக்கு மேற்படாமல் நீலம் சேர்க்கலாம்.

அடிப்பதற்கு முன் சுவரில் நீர் தெளித்து ஈரப்படுத்துங்கள். தென்னை மட்டையைத் தட்டி நாராக்கிய மட்டையோ, நல்ல தூரிகையோ எதுவாயினும் ஏற்றது. முதலில் மேலும் கீழுமாக இழுத்து, உலர்வதற்கு முன் குறுக்கே இழுக்க வேண்டும். புதுச் சுவருக்கு மூன்று முறை. பழைய சுவருக்கு ஒருமுறை அல்லது இருமுறை. ஒருமுறை அடித்தது உலர்ந்த பின்பே மறுமுறை அடித்தல் வேண்டும். தடிப்பாக ஒரே முறை அடித்தால் ஏடு ஏடாக உதிரும். மெல்லிதாகப் பலமுறை அடிப்பதே நிலைக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லுகிறோம். சுண்ணாம்பிலிருந்து எமல்ஷனுக்கு மாற விரும்பினால், பழைய சுண்ணாம்பு முழுவதையும் சுரண்டிக் கழுவி உலர்த்தியாக வேண்டும். மறுபுறம், எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பற்றாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது பெரிய செலவு. ஆதலின் முதலிலேயே தீர எண்ணி முடிவு செய்யுங்கள்.

சிமெண்டுச் சுவர்

2024ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் மானியம் என்று வகுத்தது. இத்தகைய வீடுகளைக் கட்டும் குடும்பங்கள் புதுமனை புகுவிழா நாளைக் குறித்துவிட்டு, பூச்சு முடிந்த பத்தாம் நாளே வர்ணம் அடிக்கத் துடிக்கின்றன. அவர்களின் ஆவல் இயல்பானதே. ஆயினும் சிமெண்டுப் பூச்சுக்கு ஏழு நாட்களாவது நீர் காட்டி, அதன்பின் நான்கு வாரமாவது உலரவிட வேண்டும். மழைக்காலமாயின் இன்னும் கூடுதலாகும். விழா நாள் காத்திராதெனில், வெளிப்புறம் சுண்ணாம்பு அல்லது சிமெண்டு வர்ணத்தோடு நிறுத்திக் கொள்ளுங்கள். எமல்ஷனைத்தான் அடிக்க வேண்டுமென்றால், சுவரை வெறுமையாகவே விட்டு விழாவை நடத்திவிட்டு, ஒரு கோடை கண்ட பின் அடியுங்கள். வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டினால் போதும். விருந்தினர் எவரும் குறை கூறார்.

சிமெண்டு வர்ணம் என்பது நம் மக்கள் ஸ்னோசெம் என்று வழங்குவது. தூளாகக் கிடைக்கும். இதற்குச் சுவர் ஈரமாக இருத்தல் வேண்டும். இரண்டு பங்கு தூளை ஒரு பங்கு நீரில் குழைத்துப் பின் மேலும் ஒரு பங்கு நீர் சேர்க்க வேண்டும். கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள் பூசி முடித்துவிட வேண்டும். மிஞ்சியதில் நீர் ஊற்றி மறுநாள் அடிக்கலாகாது. பூசி உலர்ந்தபின் இரண்டு நாட்களாவது, நாளைக்கு இரண்டு மூன்று முறை நீர் தெளித்தால்தான் அது இறுகும். நீர் காட்டாத சிமெண்டு வர்ணம் கையில் மாவாக ஒட்டும்.

எமல்ஷனுக்கு உலர்ந்த சுவர் தேவை. பாசியும் பூஞ்சணமும் கறுத்திருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பூசிச் சற்று நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்துங்கள். அதனோடு அமிலம் எதையும் கலக்க வேண்டாம். நச்சு வாயு எழும். உவர் பூத்த இடத்தை நீரால் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் துடைத்து எடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே செல்லும். வெடிப்பைச் சற்று அகலப்படுத்தி அடையுங்கள். பட்டி பார்ப்பதாயின் வெளிச்சுவருக்கு வெள்ளைச் சிமெண்டுப் பட்டியே ஏற்றது. உப்புத்தாளால் தேய்த்துத் தூசி தட்டி, பிரைமர் எனப்படும் முதற்பூச்சு ஒருமுறையும் வர்ணம் இருமுறையும் பூசுங்கள்.

மரமும் இரும்பும்

மரத்துக்கு முதற் பகை வெட்டுமுகத்தின் வழியே ஏறும் நீர். கதவின் அடி விளிம்பையும் தூணின் அடியையும் வர்ணக்காரர் பெரும்பாலும் விட்டு விடுகின்றனர். கண்ணுக்குத் தெரியாத அவ்விடந்தான் முதலில் உளுக்கும். மரம் உலர்ந்திருக்க வேண்டும். இழையோடு உப்புத்தாள் தேய்த்து, மரத்துக்கான பிரைமர் பூசி, ஆணித் துளைகளையும் வெடிப்புகளையும் மக்கு வைத்து அடைத்து, மீண்டும் தேய்த்து, எனாமல் இருமுறை பூச வேண்டும்.

இரும்பில் துருவின்மேல் பூசிய வர்ணம் துருவோடு விழும். கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் துருவை நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அன்றைய பொழுதுக்குள்ளேயே ரெட் ஆக்சைடு முதற்பூச்சுப் பூசிவிடுங்கள். ஓரிரவு விட்டாலும் பனியில் மீண்டும் துரு பிடிக்கும். மூலை முடுக்குகளிலும் பற்றவைத்த இடங்களிலும் தூரிகை நன்கு நுழைய வேண்டும்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக் கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2016ஆம் ஆண்டில் வெளியாகி, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வர்ணம் கதவிலும் சன்னலிலும் இருந்தால், அதனை நெருப்பால் சுட்டு எடுக்காதீர்கள், உலர்வாகவும் தேய்க்காதீர்கள். நீர் தொட்டு ஈரமாகத் தேய்த்து, விழும் தூளைத் துணி விரித்துச் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். வேலை முடியும்வரை குழந்தைகள் அங்கே விளையாட வேண்டாம். புது டப்பா வாங்கும்போது ஈயம் பற்றிய குறிப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கருங்கல்லுக்குப் பூச்சு வேண்டா

எல்லாப் பரப்புக்கும் பூச்சு உண்டு என்று கூறி வந்தோம். பூச்சே வேண்டாத பரப்பு ஒன்று உண்டு. அது கல். நம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுக்கள் குடவோலை முறையை நமக்கு உரைக்கின்றன. ஏரியைக் காக்க ஒரு வாரியம் இருந்ததும் அதனால் தெரிகிறது. ஊராட்சி உறுப்பினர்களாகிய உங்கள் பணிக்கு முன்னோடி அக்கல்லிலே எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதனைப் படிக்க முடிவது அவ்வெழுத்துக்கள் கல்லில் மறையாமல் நிற்பதால்தான்.

இதற்கு மாறானதும் அருகிலேயே உண்டு. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பல்லவர் கால ஓவியங்கள் பிற்காலப் பூச்சுக்களின் அடியில் மறைந்து கிடந்தன. 1931ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் அவற்றைக் கண்டறிந்தார். எஞ்சியவை சிதைந்த பகுதிகளே. பூசியவர்கள் பக்தியோடுதான் பூசியிருப்பார்கள். ஆயினும் சுவரை அறியாது பூசிய பூச்சு எதனை மறைக்கும் என்பதற்கு அது சான்று. உங்கள் ஊர்க் கோயில்களின் கற்சுவரிலும், ஏரி மதகுக் கல்லிலும் எழுத்து இருக்கக் கூடும். திருவிழாவுக்கு அழகு செய்வதாக எண்ணி அவற்றின்மேல் சுண்ணாம்போ வர்ணமோ அடிக்க எவரையும் விடாதீர்கள்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பள்ளி, சத்துணவுக் கூடம், நூலகம், ஊராட்சி அலுவலகம் முதலியவற்றுக்கு வர்ணம் பூச மதிப்பீடு வரும்போது, "வர்ணம் பூசுதல்" என்ற ஒரே வரியோடு கையொப்பமிடாதீர்கள். சுரண்டுதல், கழுவுதல், வெடிப்பு அடைத்தல், பிரைமர், வர்ணம் இருமுறை என்று ஒவ்வொன்றும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு படியும் முடிந்தபின் நேரில் சென்று பார்த்து, அதன்பின் அடுத்ததைத் தொடங்கச் சொல்லுங்கள். மேலே வர்ணம் ஏறிவிட்டால் அடியில் என்ன செய்தார்கள் என்பதை எவராலும் காண இயலாது.

அளவும் உங்களுக்குத் தெரிந்திருத்தல் நலம். 20 அடிக்கு 18 அடி வீடு ஒன்றைக் கொள்வோம். சுற்றளவு 76 அடி. சுவர் உயரம் 10 அடியாயின் 760 சதுர அடி. கதவு, சன்னலுக்கு 60 சதுர அடி கழித்தால் 700. இருமுறை பூச ஒரு லிட்டர் எமல்ஷன் ஏறத்தாழ 50 முதல் 60 சதுர அடிக்கு வரும். ஆகவே 12 முதல் 14 லிட்டர் போதும். இருபது லிட்டர் என்று எழுதி வந்தால் ஏன் என்று கேளுங்கள். ஐந்து லிட்டரில் முடித்துவிட்டதாகச் சொன்னாலும் ஏன் என்று கேளுங்கள்.

அன்பர்களே! வீடு கட்டுவது நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறை நிகழும் காரியம். அதற்கான பணம் வியர்வையில் விளைந்தது, அல்லது கடனாய் வந்தது. நிலத்தின் மண் அறியாமல் விதைப்பவர் எவரும் இந்த அவையில் இல்லை. களர் நிலத்துக்கு ஒரு பக்குவம், மணற்பாங்குக்கு ஒரு பக்குவம் என்று நீங்கள் அறிவீர்கள். ஈரம் பார்த்துத்தான் ஏர் பூட்டுகிறீர்கள். அதே கண்ணால் சுவரையும் பாருங்கள். எச்சுவர் என்று அறிந்து, பழுது நீக்கி, சுண்ணாம்பாயின் ஈரத்தோடும், எமல்ஷனாயின் உலர்ந்தபின்னும் பூசுங்கள். உங்கள் பொருள் உங்கள் சுவரிலேயே நிலைத்து நிற்கும்.

கூட்டம் முடிந்தபின், வர்ணம் உரிந்த சுவர் எவர் வீட்டில் இருந்தாலும் அழைத்துச் செல்லுங்கள். மரக்கட்டையும் பிளாஸ்டிக் தாளும் கையோடு கொண்டு வந்திருக்கிறோம். சேர்ந்தே சோதித்துப் பார்ப்போம்.